வெர்ச்சுவல்பொக்ஸ் டிரைவர் ஏறும்போது நீலத்திரை வருகிறதா? ஃபோர்மட் பண்ண முன் இதைச் செய்து பாருங்கள்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு லெப்டொப் நீலத்திரை காட்டினால் கடையில் பெரும்பாலும் கிடைக்கிற முதல் பதில் "ஃபோர்மட் பண்ண வேணும் தம்பி" என்பதுதான். வைரஸ் பிடித்த மெஷினுக்கு அது சரியாக இருக்கலாம். வெர்ச்சுவல்பொக்ஸ் (உங்கள் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை, அதாவது வெர்ச்சுவல் மெஷினை, ஓட விடும் மென்பொருள்) போடும்போது வந்த நீலத்திரைக்கு அது தீர்வே இல்லை. ஏனென்றால் ஃபோர்மட் பண்ணி, விண்டோஸ் ஏற்றி, இருந்த ஃபைல்களையும் தொலைத்துவிட்டு, அதே வெர்ச்சுவல்பொக்ஸை அதே பயோஸ் (விண்டோஸ் ஏற முன் மெஷினை எழுப்பும் உள் மென்பொருள்) செட்டிங்கோடு திரும்பப் போட்டால் அதே இடத்தில்தான் திரும்பவும் விழும்.

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் கம்பஸில் படிக்கிறவர்கள், ஏ.ரி.ஐ. பிள்ளைகள், வீட்டிலிருந்து நெட்வேர்க்கிங் பழகுகிறவர்கள் எல்லாரிடமும் "வெர்ச்சுவல் மெஷின் ஒன்று போட்டு அதில் லினக்ஸ் ஏற்றிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிடுகிறார்கள். போடும்போது விழுந்தால் என்ன செய்வது என்று தமிழில் வரிசையாகச் சொல்ல ஆள் இல்லை. நான் இதோடு நிறைய அலைந்து ஒரு வழிக்குக் கொண்டுவந்த பிறகு எழுதுகிறேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒன்றை மட்டும் முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். வெர்ச்சுவல்பொக்ஸ் சாதாரண மென்பொருள் போல் ஒரு ஃபோல்டருக்குள் அடங்கி இருப்பதில்லை. சிபியூவோடு நேரே பேசும் ஒரு டிரைவர், நெட்வேர்க்குக்கு இரண்டு, யூஎஸ்பிக்கு ஒன்றிரண்டு என்று விண்டோஸின் கர்னலுக்குள்ளேயே, அதாவது அதன் மையப் பகுதிக்குள்ளேயே, கொண்டுபோய் வைக்கிறது. சாதாரண மென்பொருள் பிழைத்தால் அது மட்டும் மூடப்படும். கர்னலுக்குள் இருக்கும் டிரைவர் பிழைத்தால் முழு மெஷினும் நிற்கும். அதனால் உங்கள் வேலை, இந்த நான்கைந்து டிரைவரில் எது விழுகிறது என்று கண்டுபிடிப்பது. அது தெரிந்துவிட்டால் மற்றது பெரும்பாலும் ஒரு மணித்தியால வேலை.

1. எதையும் தொட முன் கையில் இருக்க வேண்டியவை

இதை யாரும் சொல்வதில்லை. ஆனால் ஆக மோசமான சேதம் இங்கேதான் நடக்கிறது.

பிட்லொக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவி. 48 இலக்கம். புதிய விண்டோஸ் 11 லெப்டொப்பில் மைக்ரோசொஃப்ட் கணக்கோடு உள்ளே போயிருந்தால், நீங்கள் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு நிறைய. பயோஸில் ஒரு செட்டிங்கை மாற்றினாலோ, கிராஷுக்குப் பிறகு சேஃப் மோடுக்கு (அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் ஓடும் முறை) போனாலோ அந்தச் சாவியைக் கேட்கக்கூடும். கேட்கும் நேரத்தில் இல்லாவிட்டால் டிஸ்கில் உள்ளதை யாராலும் எடுக்க முடியாது, எந்தக் கடையாலும் முடியாது. ஆகவே இப்போதே போனில் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைஸ் பட்டியலில் அந்த லெப்டொப்பின் ரிக்கவரி கீயைப் பார்த்து ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள். படம் எடுத்து அதே லெப்டொப்பில் போட்டு வைப்பதில் பயனில்லை. இரவல் லெப்டொப், அல்லது அண்ணாவின் கணக்கில் இருக்கும் லெப்டொப் என்றால் சாவி அவருடைய கணக்கில்தான் இருக்கும், அவரிடம் முதலே கேட்டு வாங்குங்கள்.

பயோஸ் பாஸ்வேர்ட். பாவித்த லெப்டொப் வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது இது. கம்பெனிகளில் பாவித்துவிட்டு விற்பனைக்கு வரும் மெஷின்களில் சிலதில் பழைய பயோஸ் பாஸ்வேர்ட் அப்படியே இருக்கும். பாவனையில் ஒரு வித்தியாசமும் தெரியாது, பயோஸுக்குள் போகும் நாளில்தான் தெரியவரும். இன்னும் வாங்கவில்லை என்றால், வாங்கும்போதே கடையில் வைத்துப் பயோஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வாங்கியாயிற்று என்றால் பில்லோடு விற்றவரிடமே போங்கள், கழற்றிப் பார்க்க வேறு ஆளிடம் கொடுக்காதீர்கள்.

பில்லும் வொரண்டி கார்டும். மென்பொருள் பிழைக்கு வொரண்டி கிடைக்காது. ஆனால் கிராஷுக்குக் காரணம் ரெம் என்று தெரியவந்தால் வேண்டிவரும்.

அதோடு உங்கள் டொக்கியூமென்ட்ஸ், டெஸ்க்டொப், அசைன்மென்ட்கள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவுக்கோ வெளி டிஸ்குக்கோ கொப்பி எடுங்கள். ஏற்கெனவே வெர்ச்சுவல் மெஷின் ஏதும் செய்து வைத்திருந்தால் அதன் முழு ஃபோல்டரையும் எடுங்கள், மெஷினை நிறுத்திவிட்டு. வழக்கமாக அது உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் "வெர்ச்சுவல்பொக்ஸ் விஎம்ஸ்" என்ற பெயரில் இருக்கும்.

கடைசியாக ரிஸ்டோர் பொயின்ட், அதாவது பிழைத்தால் விண்டோஸை இப்போதுள்ள நிலைக்குத் திருப்ப உதவும் ஒரு பதிவு. ஸ்டார்ட்டில் "கிரியேட் எ ரிஸ்டோர் பொயின்ட்" என்று தேடினால் ஒரு பெட்டி வரும். பல மெஷின்களில் சி டிரைவுக்குப் பாதுகாப்பு ஓஃபில் இருக்கும். அதை ஒன் பண்ணி, ஒரு பொயின்ட் செய்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

2. செலவும் டேட்டாவும்

வெர்ச்சுவல்பொக்ஸுக்குக் காசு இல்லை. அதற்குக் கூடுதல் வசதி சேர்க்கும், தனியாக இறக்க வேண்டிய எக்ஸ்டென்ஷன் பேக் தனிப்பட்ட பாவனைக்கும் படிப்புக்கும் இலவசம், கம்பெனி வேலைக்கு லைசன்ஸ் வேண்டும். தொடக்கத்தில் அது தேவையே இல்லை, விட்டுவிடுங்கள். இதே வேலையைச் செய்யும் வீஎம்வெயார் வேர்க்ஸ்டேஷன் புரோவும் 2024 நவம்பரிலிருந்து எல்லாருக்கும் இலவசம். ஆகவே "கிராக்" பண்ணிய வீஎம்வெயார் என்று யாரும் பென் டிரைவில் தந்தால் வாங்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை இன்னொருவர் கைவைத்த ஃபைலாக எடுத்து கர்னலுக்குள் டிரைவர் போட விடுவது மிக ஆபத்தானது.

செலவு வருவது டேட்டாவில். வெர்ச்சுவல்பொக்ஸ் இன்ஸ்டோலர் 100 எம்பிக்கு மேல், சிறியதுதான். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு டெஸ்க்டொப் 24.04 கிட்டத்தட்ட 6 ஜிபி. பகல் டேட்டாவை இதில் முடிக்காமல், இரவு டேட்டா உள்ள பேக்கேஜ் என்றால் இரவில் போடுங்கள். இல்லாவிட்டால் கம்பஸ் வைஃபையில் அல்லது கூட்டாளியிடம் வாங்குங்கள். ஐஎஸ்ஓ ஃபைலை (உபுண்டு முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல்) மற்றவரிடம் வாங்கலாம், இன்ஸ்டோலரை மட்டும் நீங்களே உத்தியோகபூர்வ தளத்தில் எடுங்கள்.

பாதியில் அறுந்த டவுன்லோட் நிறையப் பேரைப் பிழையான வழியில் கொண்டுபோகிறது. சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் இறக்கிய ஃபைல் முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே கெட்டிருக்கலாம். இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒன்று, இன்ஸ்டோலரில் ரைட் கிளிக் செய்து புரொப்பட்டீஸுக்குள் "டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்" பகுதியைத் திறந்தால் ஒராக்கிள் பெயர் இருக்க வேண்டும், டீட்டெய்ல்ஸை அமத்தினால் கையொப்பம் சரி என்று சொல்ல வேண்டும். மற்றது, செவன்-சிப் மென்பொருள் இருந்தால் ரைட் கிளிக்கிலேயே ஷா-256 எண்ணை (ஃபைலில் சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) எடுத்து, டவுன்லோட் பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடலாம். ஐஎஸ்ஓ ஃபைலுக்கு இந்த இரண்டாவது வழிதான்.

3. பயோஸில் வெர்ச்சுவலைசேஷன் ஒன்னில் இருக்கிறதா

வெர்ச்சுவலைசேஷன் என்பது வெர்ச்சுவல் மெஷின் ஓட சிபியூ தரும் வசதி. பயோஸுக்குள் போக முன் டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்ஃபோமன்ஸ், சிபியூ என்று போய்க் கீழே பாருங்கள். "வெர்ச்சுவலைசேஷன்: எனேபிள்ட்" என்று இருந்தால் இந்தப் படியைத் தாண்டி விடலாம்.

"டிஸேபிள்ட்" என்றால் பயோஸுக்குப் போக வேண்டும். எச்பியில் எஃப்10, டெல்லில் எஃப்2, ஏஸரிலும் ஏசூஸிலும் வழக்கமாக எஃப்2, லெனோவோவில் மொடலைப் பொறுத்து எஃப்1 அல்லது எஃப்2. கீ பிடிபடாவிட்டால் விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், ரிக்கவரி, அட்வான்ஸ்ட் ஸ்டார்ட்டப் வழியாகப் போனால் யூஇஎஃப்ஐ செட்டிங்ஸ் என்று ஒரு வழி இருக்கும். இன்டெல் என்றால் "இன்டெல் வெர்ச்சுவலைசேஷன் டெக்னொலஜி" அல்லது "விடி-எக்ஸ்", ஏஎம்டி என்றால் "எஸ்விஎம் மோட்". அதை மட்டும் எனேபிள் பண்ணி சேவ் செய்து வெளியே வாருங்கள். பக்கத்தில் இருக்கும் செக்யூர் பூட், டிபிஎம் இரண்டையும் தொட வேண்டாம். விண்டோஸில் வெர்ச்சுவல்பொக்ஸ் ஓட அவற்றை ஓஃப் பண்ணத் தேவையில்லை, ஓஃப் பண்ணினால் பிட்லொக்கர் சாவி கேட்கும்.

சேவ் செய்த பிறகு சில மெஷின்களில் முழுசாக ஓஃப் பண்ணி ஒன் பண்ணினால்தான் மாற்றம் பிடிக்கும்.

4. விண்டோஸுக்குள் ஏற்கெனவே இன்னொரு ஹைப்பர்வைசர் இருக்கிறதா

பெரும்பாலான சிக்கல் இங்கேதான். ஹைப்பர்வைசர் என்பது வெர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள். சிபியூவின் வெர்ச்சுவலைசேஷன் வசதியை ஒரு நேரத்தில் ஒரு ஹைப்பர்வைசர்தான் முழு உரிமையோடு பிடித்துக்கொள்ள முடியும். ஒரே வயல் கண்டத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் உழவு மெஷினை இறக்கினால் நடப்பதுதான் நடக்கும். டொக்கர் (மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டுவது) போட்டிருந்தால், டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் மைக்ரோசொஃப்ட் வசதி) போட்டிருந்தால், சில அண்ட்ரொய்ட் எமுலேட்டர்களைப் போட்டிருந்தால், அல்லது ஒன்றுமே போடாமல் விண்டோஸின் மெமரி இன்டெக்ரிட்டி ஒன்னில் இருந்தாலும், மைக்ரோசொஃப்ட்டின் ஹைப்பர்வைசர் முதலே வந்து உட்கார்ந்திருக்கும்.

கண்டுபிடிப்பது லேசு. ஸ்டார்ட்டில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" திறந்து, ஆகக் கீழே "எ ஹைப்பர்வைசர் ஹாஸ் பீன் டிடெக்டட்" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஏதோ ஒன்று ஓடுகிறது. பிறகு "டேர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஒன் ஓர் ஓஃப்" என்று தேடித் திறந்து இவற்றின் டிக்கை எடுங்கள்: ஹைப்பர்-வி, வெர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபோர்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபோர்ம், விண்டோஸ் சாண்ட்பொக்ஸ். விண்டோஸ் ஹோம் என்றால் ஹைப்பர்-வி பட்டியலில் இருக்காது, மற்றவை இருக்கலாம். "ஹோம்தானே, எனக்கு ஹைப்பர்-வி இல்லை" என்று இந்தப் படியை விட்டுவிடாதீர்கள்.

இதற்குப் பிறகு ரீஸ்டார்ட் கொடுங்கள், ஷட்டவுன் அல்ல. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஒன்னில் இருந்தால் ஷட்டவுன் பண்ணும்போது கர்னலை அப்படியே டிஸ்கில் சேமித்துவிட்டு அடுத்த முறை அதையே எடுக்கும். ரீஸ்டார்ட்தான் புதிதாகத் தொடங்கும்.

இங்கே என் கருத்து ஒன்று. புதிய வெர்ச்சுவல்பொக்ஸ், ஹைப்பர்-வி ஒன்னில் இருந்தாலும் அதற்கு மேலாகவே ஓடப் பார்க்கும். வெர்ச்சுவல் மெஷின் ஜன்னலின் கீழ்ப் பட்டையில் ஒரு பச்சை ஆமைப் படம் வந்தால் அப்படித்தான் ஓடுகிறது என்று அர்த்தம். வேகம் குறையும், ஆனால் வேலை நடக்கும். உங்களுக்கு டொக்கரும் தேவை, ஆமையோடு மெஷினும் விழாமல் ஓடுகிறது என்றால் அப்படியே விடுங்கள். விழுகிறது என்றால் மட்டும் மேலே சொன்னதைச் செய்யுங்கள். மெமரி இன்டெக்ரிட்டி உங்கள் மெஷினைக் கெட்ட டிரைவர்களிடமிருந்து காக்கும் ஒன்று, அதை ஆகக் கடைசியாகத்தான் ஓஃப் பண்ண வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் என்பதற்குள் இருக்கிறது. ஓஃப் பண்ணியும் பிரச்சினை மாறவில்லை என்றால் உடனே திரும்ப ஒன் பண்ணிவிடுங்கள்.

5. இன்ஸ்டோல் பண்ணும் நேரம்

கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. டிரைவர் எழுதப்படும் நடுவில் மெஷின் நின்றால் அரைகுறை டிரைவர் ஒன்று உள்ளே தங்கிவிடும், பிறகு வரும் கிராஷுகளுக்கு அதுவே காரணமாகும். லெப்டொப் என்றால் பட்டரி பாதிக்கு மேல் இருக்க சார்ஜரையும் போட்டுக்கொண்டு தொடங்குங்கள். டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் மழை நாளில் தொடங்க வேண்டாம்.

இன்ஸ்டோலின்போது நெட்வேர்க் தொடர்பு சிறிது நேரம் அறுந்துபோகும் என்று ஒரு எச்சரிக்கை வரும். அது உண்மை. ஒன்லைன் வகுப்போ பரீட்சையோ நடக்கும்போது செய்யாதீர்கள், வேறு டவுன்லோட் ஓடும்போதும் வேண்டாம்.

முதலில் மைக்ரோசொஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் பொதியைப் போடுங்கள். பதிப்பு 7 இலிருந்து அது இல்லாமல் வெர்ச்சுவல்பொக்ஸ் ஏறாது. மைக்ரோசொஃப்ட் தளத்தில் இலவசம், சின்ன ஃபைல். "பைத்தன் இல்லை" என்று நடுவில் ஒரு செய்தி வந்தால் பயப்படாமல் "யெஸ்" கொடுத்துப் போங்கள், தொடக்கக்காரருக்கு அது தேவையில்லை.

விபிஎன் இருந்தால் நிறுத்துவது போதாது, கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்கள். வெளியிலிருந்து போட்ட ஆன்டிவைரஸுக்கும் அப்படியே. இவை இரண்டும் நெட்வேர்க்குக்குள் தங்கள் சொந்த ஃபில்டர் டிரைவரை (போய் வரும் டேட்டாவை நடுவில் நின்று பார்க்கும் டிரைவர்) வைக்கின்றன, வெர்ச்சுவல்பொக்ஸும் அதே இடத்தில்தான் தன்னுடையதை வைக்கிறது. இன்ஸ்டோல் சரிவந்த பிறகு திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

இன்ஸ்டோலரை ரைட் கிளிக் பண்ணி அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட விடுங்கள். இடத்தை சி டிரைவிலேயே விடுங்கள். சி நிறைந்துவிட்டது என்று டி டிரைவுக்கு மாற்றினால், புதிய பதிப்புகள் அந்த ஃபோல்டர் பாதுகாப்பு நிபந்தனைக்கு ஒத்துவரவில்லை என்று மறுத்துவிடும். மென்பொருள் சியில் இருக்கட்டும், இடம் பிடிக்கும் வெர்ச்சுவல் மெஷின்களை மட்டும் பிறகு பிரிஃபெரன்ஸஸில் "டிஃபோல்ட் மெஷின் ஃபோல்டர்" என்பதை மாற்றி டிக்கு அனுப்பலாம்.

நெட்வேர்க் டிரைவர் ஏறும் இடத்தில் பச்சைப் பட்டை அசையாமல் நிற்கும். பலர் இங்கேதான் பவர் பட்டனை அமத்துகிறார்கள். அமத்தாதீர்கள். முழு இன்ஸ்டோலும் பத்து நிமிடத்துக்குள் முடிவது வழக்கம், ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷினில் இந்த ஒரு இடமே நிறைய நேரம் எடுக்கும். அரை மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். மவுஸ் அசைந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது.

6. விழுந்துவிட்டது. எந்த டிரைவர்?

நீலத்திரை வந்தால் (புதிய விண்டோஸ் 11 இல் அது கறுப்பாகவே வரும்) உடனே போனில் படம் எடுங்கள். ஸ்டொப் கோட் என்று ஒன்று இருக்கும், சில நேரம் அதன் கீழே "வட் ஃபெயில்ட்" என்று ஒரு ஃபைல் பெயரும் இருக்கும். அந்தப் பெயர்தான் தங்கம்.

பெயர் "விபொக்ஸ்" என்று தொடங்கி அதில் "நெட்" வந்தால் நெட்வேர்க் டிரைவர். "யூஎஸ்பி" வந்தால் யூஎஸ்பி டிரைவர். "சப்" வந்தால் சிபியூவோடு பேசும் மூல டிரைவர், அப்போது 3 ஆம், 4 ஆம் படிகளுக்குத் திரும்புங்கள். "என்டிஐஎஸ்" அல்லது "டிசிபிஐபி" என்று வந்தால் அது விண்டோஸின் சொந்த நெட்வேர்க் பகுதி. அதைப் பிழை சொல்லாதீர்கள், அதற்குள் இரண்டு ஃபில்டர்கள் முட்டிக்கொண்டிருக்கின்றன, விபிஎன்னும் ஆன்டிவைரஸும் முழுசாகக் கழன்றதா என்று பாருங்கள். ஸ்டொப் கோட் "மெமரி மனேஜ்மென்ட்" என்று வந்தால், அதுவும் பிறகு ரெம் கூட்டிய பாவித்த லெப்டொப் என்றால், வெர்ச்சுவல்பொக்ஸை விட்டுவிட்டு முதலில் "விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக்" ஓட விடுங்கள். வெர்ச்சுவல் மெஷின் ரெமை ஒரேயடியாக நிறைய எடுப்பதால், அதுவரை தெரியாமல் இருந்த பழுது அப்போதுதான் வெளியே வரும்.

திரை சட்டென்று மறைந்து ரீஸ்டார்ட் ஆகிவிட்டால், விண்டோஸ் வந்த பிறகு "வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" என்று தேடித் திறவுங்கள். நாள்வாரியாகச் சிவப்புக் குறியோடு என்ன விழுந்தது என்று காட்டும். ஒன்றும் டவுன்லோட் பண்ணத் தேவையில்லை. ஈவென்ட் வியூவரில் "கர்னல் பவர் 41" என்று ஒன்று வரும், அதைப் பார்த்து பவர் சப்ளை பழுது என்று முடிவெடுக்காதீர்கள். மெஷின் ஒழுங்காக ஓஃப் ஆகவில்லை என்பதை மட்டும்தான் அது சொல்கிறது.

விண்டோஸே வராமல் சுற்றிக்கொண்டு நின்றால்: ஒன் பண்ணி விண்டோஸ் அடையாளம் வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஓஃப் பண்ணுங்கள். இப்படி அடுத்தடுத்து இரண்டு மூன்று தரம் செய்தால் மீட்புத் திரை வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்தால் எண்களோடு ஒரு பட்டியல் வரும். 4 சேஃப் மோட். 9 ஐ அமத்தினால் அடுத்த நீலத்திரை மறையாமல் நிற்கும், படம் எடுக்கலாம். 7 டிரைவர் கையொப்பச் சோதனையை நிறுத்துவது. யார் சொன்னாலும் அதை அமத்தாதீர்கள், வெர்ச்சுவல்பொக்ஸின் டிரைவர்கள் ஒழுங்காகக் கையொப்பம் இட்டவை, அதற்கு 7 தேவைப்படவே மாட்டாது. பிட்லொக்கர் சாவி கேட்கும் இடமும் இதுதான், எழுதி வைத்த கடதாசி இங்கே உதவும்.

7. துப்பரவாகக் கழற்றித் திரும்பப் போடுதல்

மேலே மேலே திரும்ப இன்ஸ்டோல் பண்ணுவதால் ஒன்றும் மாறாது. அப்ஸ் பட்டியலில் வெர்ச்சுவல்பொக்ஸை நீக்குங்கள். ரீஸ்டார்ட். பிறகு டிவைஸ் மனேஜரைத் திறந்து, வியூ மெனுவில் "ஷோ ஹிட்டன் டிவைஸஸ்" கொடுத்து, நெட்வேர்க் அடப்டர்ஸ் பகுதியில் "வெர்ச்சுவல்பொக்ஸ் ஹோஸ்ட்-ஒன்லி" என்று மிச்சமாக நிற்பவற்றை நீக்குங்கள். நெட்வேர்க் கனெக்ஷன்ஸில் உங்கள் வைஃபையின் புரொப்பட்டீஸைத் திறந்து, "வெர்ச்சுவல்பொக்ஸ் என்டிஐஎஸ்6 பிரிட்ஜ்ட் நெட்வேர்க்கிங் டிரைவர்" இன்னும் இருந்தால் அதைத் தெரிவு செய்து அன்இன்ஸ்டோல் கொடுங்கள். மறுகா திரும்பவும் ரீஸ்டார்ட்.

திரும்பப் போட முன் உங்கள் லெப்டொப் மொடலைத் தேடி, செய்த கம்பெனியின் தளத்திலிருந்தே வைஃபை டிரைவரைப் புதுப்பியுங்கள். "டிரைவர் அப்டேட்டர்" என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள் எதையும் எடுக்காதீர்கள்.

இப்போது இன்ஸ்டோல் பண்ணும்போது, என்னென்ன போடுவது என்று கேட்கும் "கஸ்டம் செட்டப்" திரையில் நில்லுங்கள். அங்கே நெட்வேர்க்கிங், யூஎஸ்பி என்று தனித்தனியாக இருக்கும். கிராஷ் நெட்வேர்க் டிரைவரில் என்றால் நெட்வேர்க்கிங்கை எடுத்துவிட்டுப் போடுங்கள், யூஎஸ்பியில் என்றால் யூஎஸ்பியை. எது என்று தெரியாவிட்டால் இரண்டையும் எடுத்துவிட்டுப் போட்டு, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்து வாருங்கள். சேர்க்கும்போது எது விழுத்துகிறதோ அதுதான் ஆள்.

நெட்வேர்க்கிங் இல்லாமல் போட்டால் இன்டர்நெட் வராது என்று பயப்பட வேண்டாம். வெர்ச்சுவல் மெஷின் வழக்கமாகப் பாவிப்பது "நாட்" என்ற முறை, அதற்கு இந்த டிரைவர்கள் தேவையில்லை. லினக்ஸுக்குள் பிரவுசர் ஓடும், அப்டேட் வரும். இரண்டு வெர்ச்சுவல் மெஷின்களை ஹோஸ்ட்டோடு (உங்கள் லெப்டொப்போடு) இணைக்கிற நெட்வேர்க் பாடம் வரும்போதுதான் பிரிட்ஜ்டும் ஹோஸ்ட்-ஒன்லியும் தேவைப்படும். முதல் வருட வேலைகள் முக்கால்வாசியும் நாட்டோடு முடியும்.

இன்ஸ்டோல் சரி, ஆனால் லெப்டொப்பிலேயே வைஃபை வேலை செய்யவில்லை என்றால், மேலே சொன்ன வைஃபை புரொப்பட்டீஸில் அந்த பிரிட்ஜ்ட் டிரைவரின் டிக்கை எடுத்தாலே பெரும்பாலும் திரும்பிவிடும்.

8. இன்ஸ்டோல் ஆகிவிட்டது, மெஷினை ஸ்டார்ட் பண்ணும்போது விழுகிறது

இங்கே முதலில் பார்க்க வேண்டியது ரெம். 4 ஜிபி லெப்டொப்பில் வெர்ச்சுவல் மெஷினுக்கு 2 ஜிபி கொடுத்தால் மிச்சத்தில் விண்டோஸ் மூச்சுவிடவே முடியாது. அது கிராஷ் அல்ல, மெஷின் திணறுகிறது. 8 ஜிபி இருந்தால் மட்டும் டெஸ்க்டொப் உபுண்டுவை நினையுங்கள். 4 ஜிபி என்றால் டெஸ்க்டொப் இல்லாத சேர்வர் பதிப்பைப் போடுங்கள், கட்டளைகள் பழக அது நன்றாகவே போதும். ரெம், சிபியூ இரண்டின் அளவுகோலிலும் பச்சைப் பகுதியைத் தாண்டாதீர்கள்.

"எக்ஸிட் கோட் 1" என்று ஒரு செய்தி வந்து, ஹார்டனிங் லொக் என்று ஒரு ஃபைலைக் காட்டினால், வெளி மென்பொருள் ஏதோ ஒன்று வெர்ச்சுவல்பொக்ஸுக்குள் தன் கோடைச் செருகப் பார்க்கிறது என்று சந்தேகப்படுங்கள். வெர்ச்சுவல்பொக்ஸ் அதை அனுமதிப்பதில்லை. ஆன்டிவைரஸ், விளையாட்டுகளோடு வரும் ஆன்டி-சீட், திரை அழகு மாற்றும் மென்பொருள்கள் வழக்கமான ஆட்கள். அந்த லொக் ஃபைல் வெர்ச்சுவல் மெஷினின் ஃபோல்டருக்குள் லொக்ஸ் என்ற இடத்தில் இருக்கும், நோட்பேடில் திறந்து கடைசிப் பக்கங்களில் எந்த மென்பொருளின் பெயர் வருகிறது என்று பாருங்கள்.

9. கெஸ்ட் அடிஷன்ஸ்

வெர்ச்சுவல் மெஷினுக்குள் போடும் டிரைவர்கள் இவை. திரை பெரிதாவது, கொப்பி பேஸ்ட், ஷெயார்ட் ஃபோல்டர் எல்லாம் இதனால்தான். இங்கே விழுந்தால் உங்கள் லெப்டொப்புக்கு ஒன்றும் நடக்காது, உள்ளே இருக்கும் மெஷின் மட்டும்தான் விழும். போட முன் ஒரு ஸ்னப்ஷொட் (உள் மெஷினின் அந்த நேர நிலையின் பதிவு) எடுத்துவிட்டால் ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்கு வரலாம்.

உள்ளே உபுண்டு என்றால், இந்த டிரைவர்களைக் கம்பைல் பண்ண (மூலக் கோடிலிருந்து கட்ட) தேவையான ஜிசிசி, மேக், பேர்ள், ஓடுகிற கர்னலுக்கான ஹெடர் ஃபைல்கள் எல்லாம் முதலே இருக்க வேண்டும். இவை இல்லாமல் ஓட விட்டால் கர்னல் மொடியூல் கட்ட முடியவில்லை என்று முடியும். சிஸ்டம் அப்டேட் செய்து, ரீஸ்டார்ட் பண்ணி, பிறகு இவற்றைப் போட்டு, அதன் பிறகுதான் அடிஷன்ஸ். இந்த வரிசை மாறினால் பழைய கர்னலுக்கு ஹெடர் இறங்கிப் புதிய கர்னலில் ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

போட்ட பிறகு திரை கறுப்பாகவே நின்றால், மெஷினை நிறுத்தி டிஸ்பிளே செட்டிங்ஸில் 3டி அக்செலரேஷனை எடுத்துவிடுங்கள். கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் லினக்ஸுக்கு வீஎம்எஸ்விஜிஏ, விண்டோஸுக்கு விபொக்ஸ்எஸ்விஜிஏ என்று இருக்க வேண்டும். அடிஷன்ஸின் பதிப்பு வெர்ச்சுவல்பொக்ஸின் பதிப்போடு ஒத்துப்போக வேண்டும். வெர்ச்சுவல்பொக்ஸைப் புதுப்பித்தால் இதையும் புதுப்பியுங்கள்.

10. கடைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால்

மெமரி சோதனையில் பிழை காட்டினால், அல்லது சேஃப் மோடே வராவிட்டால் கொண்டுபோங்கள். வெறுமனே "விழுகிறது" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். நீலத்திரையின் படம், வெர்ச்சுவல்பொக்ஸ் பதிப்பு எண், எந்தப் படியில் விழுந்தது, நீங்கள் எதையெல்லாம் கழற்றினீர்கள் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். ரெம் மாற்ற வேண்டும் என்றால் பழைய ரெமைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பார்ப்பதற்கு எவ்வளவு, திருத்துவதற்கு எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, "கேட்காமல் ஃபோர்மட் பண்ண வேண்டாம்" என்று பற்றுச்சீட்டிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள். வொரண்டி இன்னும் இருக்கும் மெஷின் என்றால் வாங்கிய கடைக்கே முதலில் போங்கள், வேறு யாரும் திறந்தால் அந்த வொரண்டி போய்விடக்கூடும். மெஷின் கொழும்புக்கு அனுப்பப்பட்டால் திரும்பி வர நாள் எடுக்கும், ஆகவே அசைன்மென்ட் கெடு நெருங்கியிருந்தால் விரிவுரையாளரிடம் முதலே சொல்லி, லேப் மெஷினில் செய்ய அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.